இறகுத் தூண்டில் விழாவின் நன்றியுரை

வாவியைப் பூட்டி ஐந்து மாதம் ஆகிவிட்டது. வீட்டைப் பூட்டலாம், கடையைப் பூட்டலாம், முப்பத்தைந்து மைல் தண்ணீரை எப்படிப் பூட்டுவது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். யுத்த காலத்து மட்டக்களப்பில் அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரையில் கிடந்த தோணிகளையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய் முகாமின் காவலரணுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, ஒரே சங்கிலியில் கோத்து, ஒரு பூட்டையும் போட்டுவிட்டால் வாவி பூட்டியாயிற்று. தண்ணீர் மட்டும் பழையபடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதற்கு இன்னும் அறிவித்தல் போய்ச் சேரவில்லை.

அந்த வரிசையில் ஏழாவது தோணி கோணாமலையுடையது. அக்கரையிலுள்ள வவுணதீவுக்கு நேரெதிரே, இந்தக் கரையில் அவருடைய வீடு. தினமும் காலையில் எழும்பி, காவலரணுக்கு நூறு பாகத் தூரம் தள்ளி நின்று ஏழுவரை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அந்தக் கரையில் துப்பாக்கியோடு வேறு ஆட்கள், இந்தக் கரையில் துப்பாக்கியோடு வேறு ஆட்கள், இரண்டு பேருக்கும் இடையில் இருப்பது தண்ணீர், ஆகவே தண்ணீரில் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். மீனுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார்கள்.

கோணாமலை வலை வீசுகிறவர் அல்ல. அவருடையது இறகுத் தூண்டில். வெள்ளைச் சேவலின் கழுத்து இறகை எடுத்து, தூண்டில் முள்ளின் கழுத்தோடு வைத்து, மனைவி புஸ்பத்தின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலால் பதினொரு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்குவார். தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கண்ணாப் பற்றை ஓரமாக அதை இழுத்துக்கொண்டு போனால் இறகு தண்ணீருக்குள் விரிந்து சுருங்கும். இறால்தான் துள்ளுகிறது என்று நினைத்துக் கொடுவா மீன் பாய்ந்து வரும். இதில் சொல்லிக்கொள்ள எதுவும் இருப்பதாகக் கோணாமலை ஒருநாளும் நினைத்ததில்லை. சோறு தின்னத் தெரியும் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

ஆனால் வாவி வாழ்வோர் ஊக்குவிப்புச் சபை அப்படி நினைக்கவில்லை.

இந்தச் சபை எப்போது தோன்றியது என்று தெரியாது. வாவியில் ஆயிரம் பேர் மீன்பிடித்த காலத்தில் அதற்கு ஓர் அறையும் ஒரு கதிரையும்தான் இருந்தன. வாவியைப் பூட்டிய பிறகு இரண்டு மாடிக் கட்டடம் வந்தது. மேல்மாடி யன்னலால் பார்த்தால் வாவி முழுவதும் தெரியும். மேசைக்கு வெயில் அடிக்கிறது என்று தவிசாளர் அங்கே திரை போட்டிருந்தார்.

தவிசாளர் அருமைநாயகம் அவர்கள் குளிர் நாடு ஒன்றுக்கு இரண்டு கிழமைக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் போய்வந்தவர். அங்கே ஒரு மண்டபத்தில் வெள்ளைக்காரர் வட்டமாக இருந்து தூண்டில் முள்ளில் கோழி இறகு கட்டுவதையும், ஆயிரம் பேர் சீட்டு எடுத்து வந்து அதைப் பார்ப்பதையும் கண்டிருக்கிறார். கட்டுகிறவர்கள் யாரும் மீனுக்காகக் கட்டவில்லையாம். பிடித்தாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். இதைக் கேட்டபோது புஸ்பம், வயிறு நிறைந்தவன் விளையாட்டு அது என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். தவிசாளருக்கோ விமானத்திலேயே ஞானம் பிறந்துவிட்டது. மீன்பிடிக்காமலே மீன்பிடியை ஊக்குவிக்க முடியும் என்றால் இதைவிட நம்முடைய வாவிக்குப் பொருத்தமான திட்டம் வேறு உண்டா?

அப்படித்தான் இறகுத் தூண்டில் கட்டும் பெருவிழாவும் மீன்பிடிக் கண்காட்சியும் பிறந்தன.

சபையின் செயலாளர் கனகசிங்கம் ஜீப்பில் வந்து கோணாமலையை ஏற்றிக்கொண்டு போனார். அந்த நாளில் ஜீப்பில் ஏற்றினால் பெண்டுகள் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் வழக்கம். புஸ்பமும் சந்தி வரைக்கும் ஓடினாள். மேல்மாடியில் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, நீங்கள்தான் இந்த மாவட்டத்தின் தலைசிறந்த இறகுத் தூண்டில் கலைஞர் என்று தவிசாளர் சொன்னபோது, கோணாமலைக்கு அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு குழம்பியிருக்காது.

"அப்ப வாவியத் திறக்கப் போறீங்களா சேர்?" என்று கேட்டார்.

தவிசாளர் சிரித்தார். முதலில் விழா, பிறகு ஊக்குவிப்பு, அதன் பிறகு பரிந்துரை, கடைசியாகப் பரிசீலனை என்று நான்கு படிகளை விரலில் எண்ணிக் காட்டினார். ஐந்தாவது விரல் சும்மாவே இருந்தது.

கோணாமலை சம்மதித்துவிட்டு வந்தார். சம்மதிக்காமல் என்ன செய்வது? நிவாரண அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கிப் புஸ்பத்தின் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் கொடுவா பருவமும் முடிந்துவிடும்.

விழாவுக்குப் பதினொரு உபகுழுக்களை அமைத்தார்கள். மாலை உபகுழு, சிற்றுண்டி உபகுழு, குத்துவிளக்கு உபகுழு, வரவேற்பு நடன உபகுழு என்று வரிசையாக வந்து, மீன்பிடி உபகுழு பதினோராவதாக இருந்தது. அதில் ஒரு எழுதுவினைஞர், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், தவிசாளரின் மைத்துனர் ஆகிய மூவர். மீனவரை ஏன் போடவில்லை என்று கோணாமலை கேட்டபோது, அவர்கள் பக்கச்சார்பாக நடந்துகொள்வார்கள் என்று கனகசிங்கம் விளக்கினார்.

பிறகு பாதுகாப்பு அனுமதிக்காகப் பொருட்களின் பட்டியல் முகாமுக்குப் போனது. நான்கு நாளில் சிவப்பு மையால் வெட்டித் திரும்பி வந்தது. தூண்டில் முள் கூரான உலோகம், வெட்டு. ஈயக் குண்டு வெடிபொருள் செய்ய உதவும், வெட்டு. தங்கூசி நூலால் எதையும் எதோடும் கட்டலாம், வெட்டு. கத்தி, சொல்லத் தேவையில்லை. தோணி, ஏற்கெனவே பாதுகாப்பில் உள்ளது. தண்ணீருக்கு நேராக "தேவையா?" என்று மட்டும் எழுதியிருந்தது. மிஞ்சியது சேவல் இறகு. அதற்கும் இருபத்துநான்கு என்று எண்ணிக்கை போட்டு, வெள்ளை நிறம் மட்டும் என்று அடியில் கோடு இழுத்திருந்தார்கள்.

இந்தக் கடிதத்தைக் கோணாமலை காத்தான்குடியில் சரீப்பின் கடைக்குக் கொண்டுபோனார். சரீப் இருபது வருடமாக முள்ளும் தங்கூசியும் விற்றவன். வாவி பூட்டிய பிறகு பிளாஸ்டிக் பூ விற்றுக்கொண்டிருந்தான். அவன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"கோணாமலை அண்ணே, முள்ளும் இல்ல, நூலும் இல்ல, தண்ணியும் இல்ல. கோழியும் இறகைப் பறிச்சாப் பறவாயில்ல எண்டு ஒரு கடிதம் தந்தா விசயம் முடிஞ்சி."

சபை மனம் தளரவில்லை. முள்ளுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கை வளைத்து அதில் இறகு கட்டுவதென்று மீன்பிடி உபகுழு தீர்மானித்தது. அது மீனுக்கும் வலிக்காத முறை என்று சித்திர ஆசிரியர் பாராட்டினார். வாவிக்குப் பதிலாக முற்றவெளியில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. கொடுவாவுக்குப் பதிலாக, தவிசாளர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து மூன்று பொன்மீன்கள். ஒத்திகையன்று கோணாமலை ஈர்க்கில் கட்டிய இறகைத் தொட்டிக்குள் விட்டு இழுத்தார். பொன்மீன்கள் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போயின. எழுதுவினைஞர் அதை "மீன்களின் வரவேற்பு நன்று" என்று குறிப்பில் எழுதிக்கொண்டார். கோணாமலை அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். வெட்கத்தில் அவருக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்தது.

இப்படியே முடிந்திருக்க வேண்டியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரிக் கொழும்பிலிருந்து பிரதம விருந்தினரின் அலுவலகம் ஒரு தொலைநகல் அனுப்பியது. உதவி வழங்கும் நாட்டின் பத்திரிகைக்கு ஒரு படம் தேவை. படத்தில் பிரதம விருந்தினர் உயிருள்ள ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது அவர் கண் முன்னால் இறகுத் தூண்டிலில் பிடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னணியில் வாவி, வாவியில் ஏறக்குறைய இருபது தோணிகள்.

சபை கட்டடம் இரண்டு நாள் பேயறைந்ததுபோல் கிடந்தது. மூன்றாம் நாள் எல்லா அனுமதியும் தானாக வந்தது. வயிற்றுப் பசிக்குத் திறக்காத வாவி ஒரு படத்துக்குத் திறந்தது! கனகசிங்கம் தன் வாழ்நாளில் எழுதிய அனைத்துக் கடிதங்களிலும் அழகான கடிதத்தை அன்று எழுதினார். "கண்காட்சியில் பங்குபற்றும் மீனவர் இருபதின்மரும் அடையாளச் சின்னம் அணிந்து, தத்தம் தோணிகளுடனும் தூண்டில் உபகரணங்களுடனும், விழாவும் கண்காட்சியும் நிறைவுபெறும் வரை வாவியில் தடையின்றி மீன்பிடிக்க அனுமதிக்கப்படுகின்றனர்." கீழே ஐந்து கையொப்பம், ஐந்து முத்திரை. முகாமின் கட்டளை அதிகாரியுடையதும் அதில் ஒன்று.

"விழா முடிஞ்சாத் தோணிக்கு என்னவாம்?" என்று புஸ்பம் கேட்டாள்.

அதைக் கோணாமலை ஏற்கெனவே கேட்டிருந்தார். விழா முடிந்து அரைமணித்தியாலத்துக்குள் தோணிகளைத் திரும்பக் கொண்டுவந்து கவிழ்க்க வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப ஒரு நாளைக்கு அவிழ்த்து விட்டுட்டு மறுகாவும் கட்டுறதுதான் ஊக்குவிப்போ? நாயக்கூட அப்பிடிச் செய்யமாட்டாங்க" என்றாள் அவள்.

விழா நாளும் வந்தது. கரையோரமாகப் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. குத்துவிளக்கு ஏற்ற ஒன்பது பேர், ஒன்பதாவது ஆளுக்குத் திரி இல்லாமல் எட்டாவது திரியை ஊதி அணைத்து மறுபடி ஏற்றினார்கள். பிறகு உரைகள்.

தவிசாளர் சொன்னார்: "ஐந்து மாதங்களுக்கு முன்பு இந்த வாவியிலே தூண்டில்காரனுக்கு என்ன இருந்தது? மீன் மட்டுமே இருந்தது. அங்கீகாரம் இருந்ததா? இல்லை. இன்றைக்கு மீன் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் இருக்கிறது." சபை ஊழியர் கைதட்டினார்கள்.

கட்டளை அதிகாரி சிங்களத்தில் பேச, ஒருவர் தமிழில் சொன்னார். வாவியைப் பூட்டியது மீனவரின் நன்மைக்காகவே. பூட்டுவதற்கு முந்திய ஐந்து மாதத்தில் இரண்டு மீனவர்கள் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். பூட்டிய பின் ஐந்து மாதத்தில் ஒருவர்கூட மூழ்கவில்லை. புள்ளிவிபரம் பொய் சொல்லாது.

பிரதம விருந்தினர் தாம் சைவ உணவுக்காரர் என்பதால் மீனவரின் பிரச்சினைகளை நடுநிலையோடு அணுக முடிகிறது என்றார். வழியில் ஆறு இடத்தில் வாகனங்களை மறித்துச் சனங்களை இறக்கி நடக்க விடுவதைக் கண்டதாகவும், தம்மை ஓர் இடத்திலும் இறக்கவில்லை என்பதால் நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது தெரிகிறது என்றும் சொன்னார்.

அதன் பிறகு சங்கிலியை அவிழ்த்தார்கள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு கோணாமலை தன்னுடைய தோணியில் கால் வைத்தார். வெயிலில் கிடந்து பலகை வெடித்து, அடியில் தண்ணீர் கசிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சனத்துக்குக் காட்டக் கூடாதென்று வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோணிக் கோலை ஊன்றினார். கண்ணாப் பற்றையோரம் போய், சிவப்பு நூல் சுற்றிய வெள்ளை இறகைத் தண்ணீரில் விட்டு இழுத்தார். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தண்ணீர் உப்பியது. மூன்றாவதில் தங்கூசி விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த எரிச்சல் அவருக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஒரு பாகம் விட்டு, ஒரு பாகம் இழுத்து, கடைசியில் தோணிக்குள் கொண்டுவந்து போட்டது, நெஞ்சளவு நீளமான கொடுவா.

பின்னணிக்கு நிறுத்திய பத்தொன்பது தோணிக்காரரும் இதைக் கண்டார்கள். தாங்கள் பின்னணி என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் தூண்டிலைப் போடத் தொடங்கினார்கள்.

"பின்னணித் தோணிகள் மீன்பிடிக்க வேண்டாம்" என்று கனகசிங்கம் ஒலிபெருக்கியில் கத்தினார். "அழகாக நில்லுங்கள். பின்னணித் தோணிகள் தயவுசெய்து அசைய வேண்டாம்."

படம் எடுத்தார்கள். பிரதம விருந்தினர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு மீனைத் தூக்கினார். கைக்குட்டையை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். இறகு கட்டும் போட்டியில் முதற்பரிசு ஈர்க்கில் வெள்ளித்தாள் சுற்றியிருந்த தவிசாளரின் மைத்துனருக்கு. மீன்பிடித்த அதே இறகோடு நின்ற கோணாமலைக்கு மூன்றாமிடம். அலங்காரம் போதாது என்று நடுவர் குறிப்பு.

நிகழ்ச்சிநிரலில் மிஞ்சியிருந்தது நன்றியுரை மட்டும். "மீனவர் சார்பில் நன்றியுரை: திரு. கோணாமலை" என்று அச்சடித்திருந்தார்கள். கனகசிங்கம் மூன்று தாள்களைக் கையில் திணித்தார். நாற்பத்துமூன்று பேருக்கு நன்றி. பிரதம விருந்தினர், கட்டளை அதிகாரி, தவிசாளர், பதினொரு உபகுழுக்கள், சங்கிலியை அவிழ்த்த சிப்பாய், பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், சபையின் காவலாளி, பொன்மீன்களைப் பராமரித்த தவிசாளரின் வீட்டு வேலைக்காரி. ஒவ்வொரு பெயரின் முன்னாலும் "எங்களை வாழவைக்கும்" என்று தட்டச்சு செய்திருந்தது.

கோணாமலை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். மேடைக்கு இடப்பக்கம் சங்கிலி ஒன்றரை மைல் நீளம்போல் அவர் கண்ணுக்குப் பட்டது. ஒரு சிப்பாய் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். புஸ்பம் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோணாமலை முதல் தாளைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த ஐந்து முத்திரைக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கி அணைக்காததால் எல்லோருக்கும் கேட்டது.

"சேர், நன்றி சொல்லி முடிச்சா விழா முடிஞ்சிரும்தானே?"

"ஓம். சொல்லுங்க."

"சொல்லாட்டி?"

கனகசிங்கம் இப்படி ஒரு கேள்வியை முப்பது வருட சேவையில் கேட்டதில்லை. நமது பகுதியில் கல்யாணம் தாலி கட்டாமல் நின்றுபோகலாம், தேர் இழுபடாமல் நின்றுபோகலாம், கூட்டம் என்று ஒன்று கூடினால் நன்றியுரை இல்லாமல் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"சொல்லாட்டி முடியாது" என்றார், உண்மையைத்தான் சொன்னார் பாவம்.

"அப்ப நான் சொல்லமாட்டன்."

மூன்று தாளையும் ஒழுங்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, கோணாமலை மேடையிலிருந்து இறங்கி நடந்து போய்த் தோணியைத் தள்ளினார். மற்றப் பத்தொன்பது பேரும் பின்னால் போனார்கள்.

பந்தலுக்குள் குழப்பம். தேசிய கீதம் போட முடியாது, அது நன்றியுரைக்குப் பிறகு. பிரதம விருந்தினர் எழும்ப முடியாது, அவர் எழும்புவது கீதத்துக்கு. நானே நன்றி சொல்லிவிடுகிறேன் என்று கனகசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். தவிசாளர் பாய்ந்து தடுத்தது ஒலிபெருக்கியில் வாவி வரைக்கும் கேட்டது. சபையின் விழா ஒழுங்குக் கோவையில் பதினேழாம் பிரிவு: நன்றி பெறுபவர் நன்றி கூறலாகாது. முன்னிருந்த ஒரு தவிசாளர் தமக்குத் தாமே நாற்பது நிமிடம் நன்றி கூறியதால் கொண்டுவந்த விதி அது. அதை எழுதியவரும் கனகசிங்கம்தான். நாற்பத்துமூன்று பேர் பட்டியலில் கனகசிங்கம் இருந்தார். எழுதுவினைஞர் இருந்தார், பந்தல்காரர் இருந்தார், காவலாளி இருந்தான். பந்தலுக்குள் தேடித் தேடிப் பார்த்ததில், வாழவைத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், வாழ்ந்தவர்கள் மட்டும் தோணியில் போய்விட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த சரீப்பைப் பிடித்துக் கேட்டார்கள். நான் பூ விற்கிறவன், சின்னம் குத்தாமல் மீனவர் சார்பில் எப்படிச் சொல்வது என்று அவன் கையை விரித்தான்.

இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்த பிரதம விருந்தினர், இயற்கை உபாதையைக் காரணம் காட்டி எழும்பிப் போனவர், அப்படியே கொழும்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிய இருபது பேரும் சின்னத்தைக் குத்திக்கொண்டு காவலரணுக்கு வந்தார்கள். சிப்பாய் கடிதத்தை வாசித்தான். விழா முடிந்துவிட்டதா என்று முகாமைக் கேட்டான். முகாம் சபையைக் கேட்டது. நன்றியுரை நிலுவையில் உள்ளது என்று சபை எழுத்தில் பதில் கொடுத்தது. நிலுவையில் இருந்தால் விழா நடந்துகொண்டிருக்கிறது. சிப்பாய் வழிவிட்டான்.

இப்படி ஒரு கிழமை போனது. விழா நடக்கிறபடியால் பந்தலைக் கழற்ற முடியவில்லை. குத்துவிளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள விளக்கு உபகுழு முறை வைத்தது. மேடை வெறுமையாக இருக்கக் கூடாது என்று தவிசாளரும் செயலாளரும் மாறி மாறி மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாவியில் இருபது தோணிகள் போய்வந்தன. ஐந்து மாதமாகத் திரை போட்டுப் பார்க்காமல் இருந்த வாவியைத் தவிசாளர் அவர்கள் இப்போது காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலேகால் வரைக்கும் பார்த்தார்.

எட்டாம் நாள் கோணாமலையை முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் முகாமுக்குள் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள் அல்ல. ஒரு தாய் இன்னும் அந்த வாசலில் மகனின் படத்தோடு நின்றுகொண்டிருந்தாள். புஸ்பம் கூடவே வந்து வாசலில், அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். சிப்பாய் போகச் சொல்லியும் அவள் போகவில்லை.

ஏன் நன்றி சொல்ல மறுக்கிறாய் என்று கட்டளை அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்கிறவர் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாக்கித்தான் சொன்னார்.

"மறுக்கல்ல சேர்," என்றார் கோணாமலை. "நன்றி மனசில வரவேணும். துவக்க நெஞ்சில வெச்சிக் கேட்டா வாறது வேற சாமான். அதுக்குப் பேர் நன்றி இல்ல."

அதிகாரி கண்ணைத் திருப்பி மேசையைப் பார்த்தார். மேசையில் பத்திரிகை கிடந்தது. விழா வெற்றிகரமாகத் தொடர்கிறது, வாவியில் மீனவர்கள் சுதந்திரமாகத் தொழில் செய்கின்றனர் என்று பெரிய எழுத்தில் போட்டு, பின்னணித் தோணிகளோடு படமும் வந்திருந்தது. அந்தச் செய்தியைக் கொழும்புக்குக் கொடுத்தது அவர்தான். மேலிடம் பாராட்டுக் கடிதமும் அனுப்பிவிட்டது. அதோடு ஐந்து மாதமாக மீனைக் காணாத முகாம் குசினியில் அன்றைக்குக் கொடுவா கொதித்துக்கொண்டிருந்தது. இழுக்காமல் கெதியில் முடித்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். வாசலுக்கு வந்த கோணாமலையின் சட்டையைப் புஸ்பம் இறுக்கிப் பிடித்தாள், வீடு வரைக்கும் விடவில்லை.

பத்தாம் நாள் காலையில் தவிசாளர் தாமே கரைக்கு இறங்கி வந்தார். கழுத்தில் பத்து நாள் மாலை கருகிக் கிடந்தது. கனகசிங்கம் குடை பிடித்தார். என்ன வேண்டுமானாலும் கேள், சான்றிதழை முதலாமிடமாக மாற்றித் தருகிறோம் என்று தவிசாளர் சொன்னார். கோணாமலை தோணிக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டார்.

"வாவிய இனிப் பூட்டமாட்டம் எண்டு எழுதித் தருவீங்களா சேர்?"

அது எங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றார் தவிசாளர்.

"அப்ப நன்றியும் எங்கட அதிகாரத்துக்கு அப்பால. இந்தத் தண்ணி எங்கட. எங்கட அப்பன் ஆத்தைட சாம்பல இதுக்குள்ளதான் கரைச்சது. எங்கட சாமானத் திருப்பித் தந்ததுக்கு நாங்க என்னத்துக்கு ஆருக்கும் கும்பிடு போடவேணும்?"

தவிசாளர் திரும்பிப் போனார். ஆனால் சபைகள் சும்மா இருப்பதில்லை. அன்று பின்னேரமே அவசரக் கூட்டம் கூடி, பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்தார்கள். மீனவர்களுக்கு நன்றி கூறப்படவில்லை, அதனால் மனவருத்தம். ஆகவே அவர்களின் பெயர்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் கோணாமலை மனம் குளிர்ந்து உரையை வாசித்துவிடுவார். ஏகமனதாக நிறைவேற்றி, ஐந்து கையொப்பமும் முத்திரையும் வைத்து, திருத்த முடியாத இறுதிப் பிரதி என்று மேலே எழுதி, மறுநாள் விடியக் கனகசிங்கம் கரைக்குக் கொண்டுவந்தார்.

சத்தமாக வாசித்தார். எங்களை வாழவைக்கும் கோணாமலை அவர்கள், எங்களை வாழவைக்கும் சாமித்தம்பி அவர்கள், எங்களை வாழவைக்கும் இராசதுரை அவர்கள். பெயர் வரும்போது ஒவ்வொருவரும் தோணியிலிருந்து தலை ஆட்டினார்கள்.

"இருபது பேரும் இரிக்கமா சேர்?" என்று கோணாமலை கேட்டார்.

"ஒருத்தரும் விடுபடல்ல" என்றார் கனகசிங்கம் பெருமையாக.

"மாத்தேலாதோ?"

"தவிசாளராலயும் மாத்தேலாது. இறுதிப் பிரதி."

"நல்லம் சேர். அப்ப பதினேழாம் பிரிவ ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க."

கனகசிங்கம் கோவையை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். "நன்றி பெறுபவர் நன்றி..." என்று வாசித்தவர், கையிலிருந்த பட்டியலைத் திரும்பவும் பார்த்தார். சின்னம் குத்திய, நன்றி பெறாத ஒரு மீனவரைத் தேடி அவருடைய கண் இருபது தோணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது.

கோணாமலை கோலை ஊன்றினார். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது.